நிற்கும் மேசை: முதலில் டேப், பிறகு பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'உட்கார்ந்தே இருக்காதீர்கள், நின்று வேலை பாருங்கள்' என்ற அறிவுரை நலவாழ்வுப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு படமும் வரும். உயரமான மேசை முன் ஒருவர் விறைப்பாக நின்று, மேசைமேல் திறந்து வைத்த லேப்டாப்பைக் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் தினமும் அப்படியே நின்றால் வாரக் கடைசியில் கழுத்தைத் திருப்ப முடியாது. அலுவலக மேசை, நாற்காலி, அவற்றால் வரும் வலி ஆகியவற்றோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் நாங்கள். இந்த அறிவுரைகளில் தவறாமல் விடுபடுபவை இரண்டு: சென்டிமீட்டர், நிமிடம். எவ்வளவு உயரத்தில், எவ்வளவு நேரம் என்று சொல்லாத அறிவுரை, அளவு எழுதாத மருந்துச் சீட்டு. அந்த இரண்டையும் நிரப்பவே இக்கடிதம். கொஞ்சம் நீளம்தான், வெட்டுவதானால் ஆய்வுக் கணக்குகளை வெட்டுங்கள், அளவுகளை வெட்ட வேண்டாம்.

நின்றால் எடை குறையும் என்பது வெறும் பேச்சு. 46 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்கின்படி, உட்கார்வதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கிலோகலோரிதான் கூடுதலாகச் செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவர் தினம் ஆறு மணி நேரம் நின்றால் 54 கிலோகலோரி. ஒரு வாழைப்பழத்துக்குக் காணாது. 'இதயத்தைக் காக்கும்' என்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,300க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் இருந்தவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட இதய நோய் ஏறத்தாழ இரு மடங்கு வந்திருந்தது. அது நாள் முழுக்க நின்றே ஆக வேண்டிய வேலைக்காரர்களின் கணக்கு. நினைத்தபோது உட்கார முடிகிற மேசை வேலைக்காரருக்கு முழுதாகப் பொருந்தாது. ஆனால் பிரிட்டனில் 83,013 பேரின் அசைவை மணிக்கட்டுக் கருவியால் அளந்து 2024இல் வெளியிட்ட ஆய்விலும், நிற்கும் நேரம் கூடியதால் இதய நோய் குறையவில்லை. மாறாக, நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு அரை மணிக்கும் சுருள்சிரை (காலில் ரத்தக் குழாய் புடைத்துச் சுருள்வது) போன்ற ரத்த ஓட்டக் கோளாறுகளுக்கான வாய்ப்பு 11 சதவீதம் கூடியது. பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேடுதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

காரணம் காலில் இருக்கிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்காலருகே உள்ள சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசம். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றும். அழுத்தம் 30ஐ ஒட்டி இறங்கிவிடும். சிலைபோல நிற்பவருக்கு அந்தப் பிழிதல் கிடைப்பதில்லை. மாலையில் செருப்பு வார் இறுகுவதும், சாக்ஸ் பட்டை காலில் பள்ளம் பதிப்பதும் இதனால்தான்.

முதுகுக் கதையும் சொல்லப்படுகிற மாதிரி அவ்வளவு எளிதல்ல. உட்கார்ந்தால் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கில் அழுத்தம் நிற்பதைவிட 40 சதவீதம் கூடும் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது 1960, 70களின் அளவீடு. 1999இல் வெளியான ஆய்வில், தன்னார்வலர் ஒருவரின் கீழ் முதுகு டிஸ்க்குக்குள்ளேயே உணர்கருவி வைத்து அளந்தார்கள். நிற்கும்போது 0.50 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), தளர்வாக உட்காரும்போது 0.46, நன்றாக முன்னால் வளைந்து உட்கார்ந்தபோது 0.83. ஒரே ஆளிடம் எடுத்த அளவு என்பதால் அதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் முதுகைச் சோதிப்பது நாற்காலியைவிட அதில் வளைந்து கிடப்பதுதான் என்று அது காட்டுகிறது. நிற்கும் மேசையிலும் அதே வளைவோடு நிற்க முடியும். பலர் அப்படித்தான் நிற்கிறார்கள்.

எனவே இந்த மேசையால் கிடைக்கும் நன்மை நிற்பதில் இல்லை, மாறுவதில்தான். அதற்கு நிமிடக் கணக்கு வேண்டும். வெகுநேரம் நிற்பவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து நின்ற 71 நிமிடத்தில் கீழ் முதுகு வலி பொருட்படுத்த வேண்டிய அளவை எட்டியது. எளிதில் வலி வருகிற உடல்வாகு உள்ளவர்களுக்கு 42 நிமிடமே போதுமானதாக இருந்தது. தாம் எந்த வகை என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒரு தடவைக்கு 30 நிமிடம், எப்படிப் போனாலும் 40ஐத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வரம்பு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆலன் ஹெட்ஜ் இன்னும் சிக்கனமானவர்: அரை மணி நேரத்தில் 20 நிமிடம் உட்கார்தல், 8 நிமிடம் நிற்றல், 2 நிமிடம் நடை. மூன்றில் அந்த இரண்டு நிமிட நடைக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் அதற்கு மேசையே தேவையில்லை என்பதால் எந்த விளம்பரத்திலும் அது வராது. 2015இல் பிரிட்டிஷ் நிபுணர் குழு ஒன்று, வேலை நேரத்தில் நிற்பதும் மெல்ல நடமாடுவதும் சேர்ந்து முதலில் இரண்டு மணி, போகப்போக நான்கு மணி என்று பரிந்துரைத்தது. 'சேர்ந்து' என்ற சொல்லைப் பலரும் விட்டுவிட்டுப் படிக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் வாரம் 10 முதல் 15 நிமிடமாக நாளுக்கு மூன்று தடவை போதும். அடுத்த வாரம் ஒவ்வொரு தடவைக்கும் 5 நிமிடம் கூட்டலாம், மூன்றாம் வாரம் இன்னொரு தடவையைச் சேர்க்கலாம். முதல் நாளே மூன்று மணி நேரம் நின்று, மறுநாள் குதிகால் வலியோடு வந்து, மூன்றாம் நாள் மேசையைக் கீழே இறக்கிப் பிறகு ஏற்றவே ஏற்றாதவர்கள் ஏராளம். கைபேசியில் அலாரம் வைப்பதைவிட, நிற்பதைக் குறிப்பிட்ட வேலைகளோடு இணைத்துவிடுவது நிலைக்கும். தொலைபேசிப் பேச்சு, மின்னஞ்சல் படித்தல், காணொலிக் கூட்டம் எல்லாம் நின்று. மவுஸைத் துல்லியமாக நகர்த்தும் வேலை, வரைபடம், நீண்ட தட்டச்சு உட்கார்ந்து. நிற்கும்போது உடலின் மெல்லிய ஆட்டம் கைக்கும் போகும் என்பதால் நுணுக்க வேலையில் பிழை கூடும். சாப்பிட்ட பிறகு ஒரு தடவை நிற்பது நல்ல பழக்கம்; அந்நேரம் பத்து நிமிடம் நடக்க முடிந்தால் அது இன்னும் நல்லது.

இனி உயரம். வேலை செய்யும்போது போடும் அதே செருப்போடு நில்லுங்கள். தோளைத் தளர்த்தித் தொங்கவிட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையைத் தரைக்கு இணையாக மடக்குங்கள். முழங்கையின் அடிப்புறத்திலிருந்து தரை வரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். தானே குனிந்து அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தப்பும். அதில் கீபோர்டின் கனத்தை, சாதாரணமாக 2 முதல் 3 சென்டிமீட்டரை, கழித்தால் வருவதுதான் மேசைப் பலகையின் மேல்மட்டம். காலடியில் மெத்தென்ற விரிப்பு போடுவதானால் அதன்மேல் நின்றபடி அளக்க வேண்டும். நாற்காலியில் பாதம் தரையில் முழுதாகப் படிய உட்கார்ந்து இதையே மறுபடி செய்யுங்கள். கிடைக்கும் இரண்டு எண்களையும் தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் கடைப்பக்கம் போக வேண்டும்.

அளக்க ஆள் இல்லாதவருக்கு ஒரு தோராயம்: நிற்கும்போது முழங்கை உயரம், மொத்த உயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதம். 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 98ஐ ஒட்டி வரும், 175 உள்ளவருக்கு 110. செருப்பின் கனம் இதற்கு மேல்.

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். மேசை எவ்வளவு ஏறும் என்று கேட்டு வாங்குவார்கள். எவ்வளவு இறங்கும் என்று கேட்பதில்லை. 155 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் பாதம் தரையில் படிய உட்கார்ந்தால் முழங்கை 62 சென்டிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். பலகை 60ஐ ஒட்டி வேண்டும். பட்டனை அழுத்தினால் மோட்டாரால் ஏறி இறங்கும் மின்மேசைகளில் விலை குறைந்தவற்றின் கால் இரண்டு அடுக்குக் குழாய். பலகையோடு சேர்த்து அது 70, 72க்குக் கீழே இறங்காது. அப்படி வாங்கியவர் உட்காரும் வேளையெல்லாம் தோளைத் தூக்கியபடி தட்டச்சு செய்வார், இல்லையென்றால் நாற்காலியை ஏற்றிக் காலைத் தொங்கவிடுவார். நிற்கும் இரண்டு மணி நேரத்தைச் சரிசெய்யப் போய் உட்காரும் ஆறு மணி நேரத்தைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். மூன்று அடுக்குக் கால் உள்ளவை ஏறத்தாழ 60 முதல் 125 வரை போகும். குள்ளமானவருக்கும் நெட்டையானவருக்கும் அதுவே தோது. உயரம் மாறாத சாதாரண மேசைகளே 73 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் என்பதால் குள்ளமானவர்கள் ஏற்கெனவே இந்தக் கஷ்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலடியில் வைக்கும் 10 சென்டிமீட்டர்ப் பலகைதான் முதல் மருந்து, மின்மேசை இரண்டாவது.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே, தூரம் ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 75 சென்டிமீட்டர். இரு குவிய அல்லது பல குவியக் கண்ணாடி போடுபவர்கள் இந்த விதியை மீற வேண்டும். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க மோவாயைத் தூக்குவார்கள். அவர்களுக்குத் திரை 5 சென்டிமீட்டராவது இறங்கி, சற்றுப் பின்சாய்ந்து இருக்க வேண்டும். உட்கார்ந்து சரிபார்த்த திரை நிற்கும்போது தாழ்ந்து தெரிவது உண்டு. மேசைமேல் குற்றமில்லை; உட்காரும்போது நாம் சரிந்துவிடுகிறோம், நிற்கும்போது நிமிர்கிறோம். வித்தியாசம் அதிகமென்றால் திரையைத் தூக்குமுன் உட்காரும் விதத்தைப் பாருங்கள். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் அமையவே அமையாது. தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பை மேடையில் ஏற்றாமல் நிற்கும் மேசை வாங்குவது வீண்செலவு.

பணம் கொடுக்குமுன் இரண்டு வாரம் பெட்டி வைத்துப் பார்க்கலாம். முழங்கை உயரம் 104, கீபோர்டு 2, இருக்கும் மேசை 74 என்றால் தேவை 28 சென்டிமீட்டர் உயரப் பெட்டி. கீபோர்டும் மவுஸும் அருகருகே ஒரே மட்டத்தில் அமர அகலம் 60, ஆழம் 30 வேண்டும். மவுஸுக்கு மட்டும் இடமில்லாமல் கீழே வைப்பவர்களுக்கு வலது தோள் வலி வரும். பெட்டிக்கு அடியில் ரப்பர் ஷீட் ஒட்டினால் நழுவாது. மானிட்டரையும் அதே அளவுக்குத் தூக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் பெட்டி ஓரம் ஒதுங்கித் தூசி படிந்துவிட்டதென்றால் மின்மேசைக்கும் அதே கதிதான்.

இருக்கும் மேசைமேல் வைத்து ஏற்றி இறக்கும் ஸ்பிரிங் மேடைகளைப் பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. 15 முதல் 20 கிலோ எடை, இறக்கி வைத்த நிலையிலும் கீபோர்டைக் கொஞ்சம் உயர்த்தியே வைக்கும், சில வகைகள் ஏறும்போது ஆளை நோக்கி முன்னால் வரும். ஏற்கெனவே உயரமான மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இன்னொரு அடி.

மின்மேசையில் ஒற்றை மோட்டார், இரட்டை மோட்டார் என்று இரண்டு வகை. ஒற்றை மோட்டாரில் இரண்டு கால்களையும் அறுகோணத் தண்டு ஒன்று இணைக்கும். சத்தம் அதிகம், வேகம் குறைவு. ஒரு திரை, ஒரு லேப்டாப்புக்கு அதுவே தாராளம். இரண்டு மானிட்டர், கனமான பலகை என்றால் இரட்டை மோட்டார். பல மோட்டார்களின் குறிப்பில் 2 நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வு என்றிருக்கும். வாங்கிய அன்று வீட்டார் எல்லோருக்கும் ஏற்றி இறக்கிக் காட்டினால் சூடேறி நின்றுவிடும். பழுது என்று பதற வேண்டாம், ஆறவிட்டால் ஓடும். மின்சாரம் பாதியில் போய்த் திரும்பினாலோ ஒரு கால் தாழ்ந்து பலகை சாய்ந்தாலோ பெரும்பாலான மேசைகளுக்கு ஒரே வைத்தியம்: கீழ்நோக்கிய பட்டனை அழுத்தி அடிமட்டத்துக்கு இறக்கி, விட்டுவிட்டு மறுபடி அதையே ஐந்து முதல் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், கால்கள் இன்னும் சற்று இறங்கி லேசாக எழும்பி நிற்கும். இரண்டு கால்களும் மறுபடி ஒரே கணக்கில் ஓடும்.

பொருத்தும்போது சட்டத்தின் ஸ்க்ரூக்களை முதலில் பாதி மட்டும் முடுக்கி, சட்டம் சதுரமாக நிற்கிறதா என்று மூலைக்கு மூலை அளந்து பார்த்த பிறகே முழுதாக முடுக்க வேண்டும். பலகை 25 மி.மீ. கனம் இருக்கட்டும்; 18 மி.மீ. நடுவில் தொய்யும். பார்ட்டிகிள் போர்டில் (மரத்துகளை ஒட்டி அழுத்திச் செய்த பலகை) ட்ரில் மெஷினால் ஸ்க்ரூவை ஓட்டினால் கடைசிச் சுற்றில் துளை பொடிந்து பிடிப்பே போய்விடும். கடைசி இரண்டு சுற்றைக் கையால் முடுக்குங்கள். இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டும். உச்சத்தில் மேசை ஆடுகிறது என்று வரும் புகாரில் பாதி இந்த ஒரு வேலையோடு தீரும். மீதிக்குக் காரணம், பின்விளிம்பில் மாட்டிய, மானிட்டரைத் தாங்கும் நீளமான கை.

கேபிள் விஷயத்தில் சோம்பினால் முதல் வாரத்திலேயே சேதம். மேசை 50, 60 சென்டிமீட்டர் ஏறும். தரையில் இருக்கும் சி.பி.யு. ஏறாது. இழுபட்ட வயர் மானிட்டரின் பின்னாலுள்ள சாக்கெட்டைப் பெயர்த்துவிடும். பவர் ஸ்ட்ரிப்பைப் பலகையின் அடியில் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தி, எல்லா சார்ஜரையும் அதில் சொருகி, சுவருக்கு ஒரே ஒரு வயரைத் தொய்வோடு விடுங்கள். சி.பி.யு.வையும் பலகை அடியிலேயே தொங்கவிடலாம். பிறகு மேசையை உச்சத்துக்கு ஏற்றி ஒவ்வொரு வயரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். விறைத்து நிற்பது எதுவோ அதுதான் நாளைக்கு அறுபடும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 3 சென்டிமீட்டர் விடுங்கள், ஜன்னல் விளிம்பைக் கவனியுங்கள். இறங்கும்போது அகப்படுவது நாற்காலியின் கைப்பிடி. குழந்தைகள் இருக்கும் இடத்தில் பட்டன் பூட்டு அவசியம்.

நிற்கும் விதம்: முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொள்ளாமல், எடையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றிப் போட்டு நிற்க வேண்டும். 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரப் பலகையில் ஒரு காலை வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் இடுப்பின் முன்வளைவு தளரும். மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றிச் சாய்கிறீர்கள் என்றால் கால் ஓய்ந்துவிட்டது, உட்காரும் நேரம் வந்தாயிற்று. விரிப்பு 2 சென்டிமீட்டர் கனமுள்ள பாலியூரித்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், தரை தட்டக் கூடாது. தூங்கும் மெத்தைபோலப் புதைந்தால் கணுக்கால்தான் கஷ்டப்படும்.

சுருள்சிரை, முழங்கால் தேய்மானம், குதிகால் வலி, எழுந்தால் தலைசுற்றல், நீரிழிவால் பாத மரப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

அலுவலக நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் உள்ளாட்சி ஊழியர்கள் 756 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், வழிகாட்டலும் நினைவூட்டலும் மட்டும் பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் நாளுக்கு 22 நிமிடம் குறைவாக உட்கார்ந்தார்கள். அவற்றோடு மேசையும் பெற்றவர்கள் 64 நிமிடம். மேசைக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் யாருக்கும் வெறும் மேசையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. மொத்தமாக வாங்கி வரிசையாக நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரின் உயரத்தையும் நினைவுப் பட்டனில் பதிந்து கொடுக்காத அலுவலகங்களில் மேசைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் உறைந்து நிற்கும். ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரு டேப், இரண்டு எண்கள், செலவு அவ்வளவுதான்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் படத்தை வெளியிடும்போது, லேப்டாப்புக்குக் கீழே ஒரு பெட்டியும் முன்னால் தனிக் கீபோர்டும் இருக்கும் படமாகத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியும் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
பணியிட அமைப்பு, இயன்முறை மருத்துவத் துறைகளில் பணியாற்றும் வாசகர்கள் சிலர்